கல்லூரி வாயிலில் நம் மாணவர் சுமந்த சுமை

நம் சமுதாயத்தின் உயர்கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், பட்டம் பெற்றவர்களின் தொகையைக் கூறி அமைந்துவிடுகின்றனர். அப்பட்டத்தைப் பெறும்வரை மாணவர் நெஞ்சில் தாங்கிய பாரமும் வரலாறே என்பது நமது துணிபு.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனில் தொடங்கிய படிப்பு, உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் இடையில் நின்றது. 1920இல் தாம் சேமித்த பொருளோடும் நண்பர் தந்த கடனோடும் மீண்டும் கப்பலேறினார். அறிவில் யாதொரு குறையுமில்லாத ஒருவரையே பணம் திருப்பியனுப்பியது!

நம் தமிழகத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விப் பணி தொடங்கியபோது, பள்ளியோடு விடுதியும் வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார். பசித்த வயிற்றில் பாடம் நில்லாது என்பதை அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அண்ணல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல், மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய கல்விக்கான அரசு உதவித்தொகை பிறந்தது. அதன் செலவில் 60 விழுக்காட்டை மைய அரசு ஏற்கும் என்று 2020 டிசம்பரில் முடிவாயிற்று.

திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல் தோன்றியது. கே.கே. நகருக்கு அண்மையில் காஜாமலையிலேயே அதன் வளாகம் ஒன்று உண்டு. தூரம் குறைந்தது; சுமை குறைந்ததா? பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் பயின்ற பிள்ளை, முதல் நாளே ஆங்கில விரிவுரையின் முன் வாயடைத்து அமர்கிறான். உதவித்தொகை வரத் தாமதமானால், கட்டணத்திற்காகத் தாய் வட்டிக்கு வாங்குகிறாள். அவ்வட்டி நாள்தோறும் அவன் நெஞ்சில் ஏறுகிறது. வீட்டில் கேட்டறிய முன்பு படித்தவர் எவருமில்லை. இதனை மாணவனின் மனத்திண்மைக் குறைவு என்போரை நாம் ஏற்பதற்கில்லை.

பணத்தினும் கொடியது அவமதிப்பு. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் எழுந்த முறையீடுகளை ஆராய 2006இல் அமைக்கப்பட்ட பேராசிரியர் தோரட் குழு, விடுதியிலும் வகுப்பிலும் நம் மாணவர் ஒதுக்கப்பட்டதை 2007இல் எழுத்தில் பதித்தது. 2012இல் பல்கலைக்கழக மானியக்குழு பாகுபாட்டைத் தடுக்க விதிகள் வகுத்தது. ஆயினும் 2016 சனவரியில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவை இழந்தோம்.

நூறும் அதற்கு மேலும் மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என 2025 சூலையில் உச்சநீதிமன்றம் பணித்தது. நல்ல கட்டளையே. எனினும் ஆலோசகருக்கு அறை ஒதுக்கிவிட்டு, உதவித்தொகைத் தாளை மேசையில் உறங்கவிட்டால் அம்மாணவன் எதனைக் கொண்டு ஆறுதல் பெறுவான்? விண்ணப்பம் நிரப்பவும், முதற்பருவத்தில் ஆங்கிலம் பழக்கவும், வாரம் ஒருமுறை விடுதிக்குச் சென்று பேசவும் நம் கழகத்துப் பட்டதாரிகள் முன்வரலாம். மனம் தளர்ந்தோர் எந்நேரமும் பேசுவதற்கு 2022இல் தொடங்கிய அரசின் இலவசத் தொலைபேசி எண் 14416. தமிழிலேயே பேசலாம்.