டோக்கன் யார் கொடுப்பது?

மாசம் முதல் தேதி ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, "வந்துடுச்சாம்மா?" என்று போன் போடாதவர் நம்மில் உண்டா? "வந்துவிட்டது" என்று வங்கி சொல்வதற்கு முன், டேட்டாபேஸ் அதை டிஸ்க்கில் எழுதி முடித்திருக்க வேண்டும். நான் பி.காம்., கவுன்ட்டர் ஆள். ஃபினக்கிள் பிறந்த இந்தப் பெங்களூருக்கு மாற்றலாகி வந்து கம்ப்யூட்டர் பிரிவில் மாட்டிக்கொண்டவன். எங்கள் டேட்டாபேஸ் ஒன்றை கிளவுடுக்கு மாற்றியபோது, "டிஸ்க் ஷெட்யூலரை மாத்தணும் சார், கையெழுத்துப் போடுங்க" என்றார்கள் பையன்கள். முழித்தேன். பிறகு தேடிப் படித்த கதை இது.

பழைய டிஸ்க் சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி செகண்ட். படிக்கும் முள் இங்குமங்கும் ஓடினால் செகண்டுக்கு நூறு சொச்சம் வேலைதான் நடக்கும். அதனால் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் மாதிரி, போகிற வழியில் நிற்பவர்களை எல்லாம் ஏற்றிக்கொள்ளும்படி வரிசை போட்டார்கள். லினக்ஸில் இதற்கு எலிவேட்டர் என்றே பெயர். ஆனால் பக்கத்து மாடிகளிலேயே கூட்டம் சேர்ந்தால் கடைசி மாடிக்காரர் கதி? அதற்காக 2002-ல் டென்மார்க்காரர் யென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது டெட்லைன். படிப்பதற்கு 500 மில்லி செகண்ட், எழுதுவதற்கு 5 செகண்ட் கெடு. தாண்டினால் வரிசையை விட்டு அவரை முதலில் கவனிக்கும்.

அவரே எழுதிய சிஎஃப்க்யூ, ஒவ்வொரு புரோகிராமுக்கும் சமபங்கு தரும். 2006 செப்டம்பரில் வந்த லினக்ஸ் 2.6.18-ல் அதுதான் இயல்பு அமைப்பு. வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சரி. ஆனால் ஒரு புரோகிராம் அடுத்து ஏதாவது கேட்குமோ என்று சில மில்லி செகண்ட் சும்மா நிற்கும். பெரியவர் ஒருவர் பையைத் துழாவும்வரை கவுன்ட்டரில் நாங்கள் காத்திருப்போமே, அதேதான். கவுன்ட்டரில் அது மரியாதை, டேட்டாபேஸில் வீண்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய மாதம்தான் அமேசான் இசி2-வைத் தொடங்கியிருந்தது. வாடகைக்கு விர்ச்சுவல் மெஷின்! உள்ளே ஓடும் லினக்ஸுக்கு நிஜ டிஸ்க் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. முள் எந்த மாடியில் நிற்கிறது என்று தெரியாமல் லிஃப்ட் ஓட்டுவது எப்படி? இது போட்ட வரிசையை அடியில் இருக்கும் மெஷின் கலைத்து மறுபடி போடும். வாசலில் ஒரு டோக்கன், உள்ளே இன்னொரு டோக்கன். அதனால்தான் விர்ச்சுவல் மெஷினில் நூப் போடு என்றார்கள். பக்கத்துப் பக்கத்துக் கோரிக்கைகளைச் சேர்த்து அப்படியே கீழே தள்ளிவிடும், அவ்வளவுதான்.

எஸ்எஸ்டி வந்தபின் முள்ளே இல்லை. 2019 மார்ச்சில் லினக்ஸ் 5.0-வோடு சிஎஃப்க்யூ போயே போய்விட்டது. நூப்பின் இடத்தில் இப்போது இருப்பது 'நன்', அதாவது ஒன்றுமில்லை. கிளவுட் டேட்டாபேஸுக்கு என் ஓட்டு அதற்குத்தான். பேக்கப்பும் அதே டிஸ்க்கில் முட்டி மோதினால் மட்டும் எம்க்யூ-டெட்லைனைப் போட்டுப் பார்க்கலாம். ஒன்று, நாம் வாடகை கட்டிய வேகத்துக்கு மேல் எந்த ஷெட்யூலரும் தராது. இது புரியவே எனக்கு நாளாயிற்று.

காலாண்டு வட்டி போடும் வேலையை டெஸ்ட் சர்வரில் இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். பையன்கள் முணுமுணுத்தார்கள். ஓட்டிக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.