வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் ஒரு அம்மம்மாவும்

போன மாதம் ஒரு மணிவிழாவில் இளம் ஆசிரியர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

1990 ஐப் பற்றி என் வயதினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்களுக்காக இரண்டு வரி. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 9 இல் சத்துருக்கொண்டானிலும் அயலிலும் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள், கைக்குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அடுத்தடுத்த ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்டால் ஒதுங்கிப் போனார்கள்.

பூங்காவைத் தொடங்கியவர்கள் இரண்டு 'போல்'கள். ஒருவர் இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகள். மற்றவர் கனடாக் கலைஞர் போல் ஹோகன். ரொறன்ரோவில் உடற்குறை உள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் 'ஸ்பைரல் கார்டன்' என்ற தோட்டத்தில் வேலை செய்தவர். 1996 இல் பூங்கா திறந்தது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸில் வருவார்கள். ஏறத்தாழ ஒன்பது மாதம். களிமண், வர்ணம், கதை, பாட்டு, நாடகம். கூட இருந்து பார்த்துக்கொண்டவர்கள் டொக்டர்மார் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள்.

எனக்கு அது அப்போது பிடிக்கவில்லை. ஸ்கொலர்ஷிப் எடுக்க வேண்டிய வயதிலும் அதைத் தாண்டியும் மண்ணில் என்ன விளையாட்டு என்று ஸ்டாஃப் ரூமில் வாய்விட்டே சொன்னவன் நான்.

என் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். தகப்பன் 1990 இல் காணாமற்போனவர். தாய் மத்திய கிழக்கில் வேலை. அம்மம்மாதான் வளர்த்தா. கேள்வி கேட்டால் வாய் திறக்க மாட்டான். திமிர் என்று நினைத்து இரண்டு தடவை பிரம்பால் அடித்திருக்கிறேன். அவனும் பூங்காவுக்குப் போனான். இரண்டு மாதம் கழித்து அம்மம்மா பாடசாலைக்கு வந்தா.

"சேர், அங்க போய் வந்த நாளையில இருந்து இவன் ராவில அழுறான். இவ்வளவு காலமும் ஒரு சொட்டு அழல்ல. நிப்பாட்டட்டா?"

நிப்பாட்டுங்க என்றேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

பையன் வராததைக் கண்டு பூங்காவிலிருந்து ஒரு இளைஞர் சைக்கிளில் தேடி வந்தார். என்னிடம் வராமல் நேரே வீட்டுக்குப் போனார். அழுவது கெட்டுப்போவதல்ல, அழும்போது பக்கத்தில் இருங்கள், ஒன்றும் கேட்காதீர்கள் என்று சொன்னாராம். அம்மம்மா அப்படியே இருந்து பார்த்தா. பையனோடு சேர்ந்து தானும் அழுதாவாம், மருமகன் போனதிலிருந்து முதல் தடவையாக. பையன் திரும்பவும் பஸ் ஏறினான். கிழமையில் ஒரு நாள்தான் பூங்கா. மிச்ச ஆறு நாளும் அவன் எங்கள் இருவரிடமும்தான் இருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரம்பைப் பிறகு நான் கையில் எடுக்கவில்லை.

ஒரு நாள் வழியில் கண்டபோது அம்மம்மா கேட்டா: "எங்களப் போல கிழவிகளுக்கும் அந்த பஸ் வராதோ, சேர்?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் பிறகு ஒரு வகையில் பதில் எழுதியிருக்கின்றன. 2023 இல் அவர்கள் வெளியிட்ட கைநூல் 10 முதல் 15 வயது வரையான, மனக்கவலையில் இருக்கும் பிள்ளைகளுக்கானது. பிள்ளைகளுக்கு ஏழு அமர்வு: உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது, மூச்சை மெதுவாக விடுவது, சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது. வளர்ப்பவர்களுக்குத் தனியாக மூன்று அமர்வு: பிள்ளை பேசும்போது கேட்பது, பாராட்டுவது, தன்னையும் பார்த்துக்கொள்வது. நடத்துபவர்கள் இங்கேயும் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள்தான். ஜோர்தானின் அம்மான் நகரில் 471 சிரிய அகதிப் பிள்ளைகளிடம் சோதித்தபோது பிள்ளைகளின் கவலையும் சோர்வும் ஓரளவு குறைந்தன. வளர்ப்பவர்களின் மன உளைச்சலும் குறைந்தது. லெபனானில் அதே சோதனை நாட்டு நெருக்கடியாலும் கொவிட்டாலும் இடையில் நின்றது. அங்கே பயன் தெரியவில்லை.

எங்கள் அம்மம்மா அந்த மூன்று நாளுக்கும் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் இருந்திருப்பா. நான் போயிருப்பேனா என்பதுதான் சந்தேகம்.