கற்போர் நிலையும் கற்பதன் பயனும்

பாடஞ் சொல்லத் தொடங்கும் ஆசிரியன் முன்னர் ஆராய வேண்டுவன இரண்டு. கேட்போன் எத்தன்மையன், அவன்பால் உள்ளது யாது, இல்லது யாது என்பது ஒன்று. பாடம் முற்றியபின் அவன் எதனை அறிந்தவனாய், எதனைச் செய்ய வல்லவனாய் எழுதல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் துணியப்படாவிடத்து, ஆசிரியனது கல்வி எத்துணை விரிந்ததாயினும் மாணாக்கன் பெறும் பயன் சிறிதேயாம். இக்காலத்துக் கல்வி நூலார் இவ்வாராய்ச்சியைத் தனித்துறையாக வகுத்துப் பேசுவர். நம் நாட்டார்க்கு அது புதிதன்று.

நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் எழுத்தினையும் சொல்லினையும் தொடுதற்கு முன்னரே, பொதுப்பாயிரத்துள் மாணாக்கரியல்பை வகுத்துரைத்தார். அன்னமும் பசுவும் போல்வார் தலையாயினார். மண்ணும் கிளியும் போல்வார் இடையாயினார். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன போல்வார் கடையாயினார். இப்பகுப்பு மாணாக்கரை இகழ்தற்கு எழுந்ததன்று. நெய்யரியானது நெய்யைப் போக்கிக் கசடினை நிறுத்துவது போலச் சிறந்ததை விட்டு அல்லதைப் பற்றுவான் ஒருவனுக்கும், சொல்லியதையன்றிப் பிறிது சொல்லவறியாத கிளியனையான் ஒருவனுக்கும் ஒரே மருந்து பயன்படாது என்பதை ஆசிரியர்க்கு உணர்த்துதற்கு எழுந்ததாம். அதனாலன்றே, மாணாக்கனது ஏற்கும் ஆற்றலை அளந்து கற்பித்தலை அவர் ஆசிரியன் கடனாக வைத்தனர்.

சித்தாந்த நூல்களும் இந்நெறியே சென்றன. அவற்றுட் பல எழுந்த நிலம் இன்றைக் கடலூர் மாவட்டமாகும். திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய உண்மை விளக்கம், மாணாக்கர் வினவ மெய்கண்டதேவர் விடையிறுப்பதாக அமைந்தது. முப்பத்தாறு தத்துவங்கள் யாவை, ஆணவம் யாது, வினை யாது, நான் யார், நீ யார் என்று வினாக்கள் படிப்படியாக ஏறி, திருக்கூத்தும் திருவைந்தெழுத்தும் வீட்டின் இயல்பும் வரைச் செல்கின்றன. ஈண்டு மாணாக்கனது ஐயமே நூலின் வைப்புமுறையாயிற்று. சகம் 1235, அஃதாவது கி.பி. 1313, என்னும் ஆண்டினைத் தமது சங்கற்ப நிராகரணத்துட் குறித்த உமாபதி சிவாசாரியார் தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் உறைந்தவர். அவர் சித்தாந்தப் பொருளைச் சிவப்பிரகாசத்துள் விருத்தத்தால் விரித்தும், திருவருட்பயனுள் பத்து அதிகாரங்களாய் நூறு குறள் வெண்பாவில் அடக்கியும் வைத்தனர். விரிவு வேண்டுவார்க்கு ஒன்றும், சுருங்கக் கொண்டு நெஞ்சில் நிறுத்துவார்க்கு ஒன்றுமாக அவை பயன்படுகின்றன.

இங்ஙனம் நூலளவில் நின்ற நெறியைப் பள்ளிக்கூடத்திற் கொணர்ந்து, வகுப்பும் பாடநூலும் தேர்வுமாக நடத்திக் காட்டியவர் ஆறுமுக நாவலர். அவர் 1822ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து நல்லூரிற் பிறந்தவர். உவெசுலியன் மிசன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவல் பாதிரியார்க்குத் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைநின்றவர். ஆதலின் மிசன் பாடசாலைகள் பிள்ளைகளை ஈர்த்தமைக்குக் காரணம் அவர்க்கு உள்நின்று தெரிந்ததாயிற்று. அங்கே வகுப்புக்கள் படிமுறையில் அமைந்தன. அச்சிட்ட நூல்கள் பிள்ளைகளின் கையில் இருந்தன. கற்றார்க்கு உத்தியோகமும் கிட்டிற்று. திண்ணைப் பள்ளியிலோ, அரிச்சுவடியும் நீதிநூலும் நிகண்டும் பொருளறியுமுன் நெட்டுருச் செய்யப்பட்டன. சைவப் பிள்ளைக்குத் தன் சமயத்தைப் பற்றி ஒருவர் வினவினால் விடைகூறத் தெரியவில்லை. குறை பிள்ளையிடத்தன்று, அவன் தரத்துக்கேற்ற நூலின்மையே என்பது நாவலர் கண்ட முடிபு.

1848ஆம் ஆண்டு மிசன் பணியை விடுத்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறுவாண்டு அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னை சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் பெற்றனர். பின்னர் எழுந்த பாலபாடங்களே அவரது ஆராய்ச்சியின் கனியாம். தொடக்கப் பாடங்கள் எழுத்தினின்று சொல்லுக்கும், சொல்லினின்று சிறு வாக்கியத்துக்கும் பிள்ளையை நடத்துவன. நான்காம் பாலபாடத்தை எய்தியவனோ கடவுள், கொலை, கல்வி முதலிய பொருள்களைப்பற்றிய கட்டுரைகளைத் தானே படித்துப் பொருள்கொள்ள வல்லனாதல் வேண்டும். ஒவ்வொரு படியின் முடிவும் அடுத்த படியின் தொடக்கமாக அமைந்தது.

கற்றது நின்றதா என்று அறிதற்கும் அவர் வழிசெய்தனர். நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்ட அவரே, இளைஞர்க்கென இலக்கணச் சுருக்கத்தை எளிய வசனத்தில் இயற்றி, பகுதிதோறும் தேர்வு வினாக்களைச் சேர்த்தனர். சைவ வினாவிடை பிள்ளை வாய்திறந்து விடைசொல்லப் பழக்குவது. செய்யுள் பயிலாதாரும் அடியார் வரலாறு அறியும்பொருட்டுப் பெரியபுராணத்தை 1852ஆம் ஆண்டு வசனமாக வெளியிட்டனர். வசனத்தில் நிறுத்தக் குறிகளை வழங்கியதும் படிப்போன் இடர்ப்பாட்டை நோக்கியதேயாம்.

1864ஆம் ஆண்டு சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. ஈழத்திற் பயின்ற முறையை நாவலர் தமிழகத்தில் நிலைநாட்டுதற்குச் சைவர்க்குக் கோயில் என்றே பெயர்பெற்ற தில்லையைத் தேர்ந்தமை கருதத்தக்கது. வழிபாடு ஓங்கிய தலத்திலும், வழிபடும் பொருளை அறிந்து சொல்வார் வேண்டும் என்பது அவரது நோக்கம். கற்பிக்கப்பட வேண்டியவை தமிழும் சமயமும். எய்த வேண்டிய பயன் தெளிந்த அறிவும் ஒழுக்கமும்.

மாணாக்கரது வேண்டுகை காலத்தோடு மாறும் என்பதனையும் அவர் அறிந்திருந்தனர். ஆங்கிலமின்றி உத்தியோகம் இல்லை என்றானபோது, அதனைக் கற்கும்பொருட்டுச் சைவப் பிள்ளைகள் பிற சமயப் பள்ளியை நாடாதிருக்க, 1872ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவ ஆங்கில வித்தியாசாலையைத் தொடங்கினர். பொருள்முட்டால் அது சில ஆண்டுகளில் நின்றது. எனினும் அக்கருத்து அழிந்திலது. 1879ஆம் ஆண்டு அவர் மறைந்தபின், 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது.

இவ்வரலாற்றில் மறைத்தற்கில்லாத எல்லை ஒன்றுண்டு. அக்காலச் சைவப் பள்ளிகள், தாழ்ந்தோராகக் கருதப்பட்டார் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தில. நாவலரும் அச்சாதி வழக்கைக் கடந்தாரல்லர். மாணாக்கன் வேண்டுவது யாதென நுணுகி ஆராய்ந்தவர், மாணாக்கன் எனத் தக்கவன் யாவன் என்னும் வினாவை வழக்கின்பாற் விட்டனர். அவர் வசனமாக்கிய பெரியபுராணத்திலேயே, ஆதனூரினின்று தில்லை வந்த திருநாளைப்போவார் வரலாறு உளது. அவ்வடியாரது வேட்கை அளவிறந்தது. வாயில் மட்டுமே அடைபட்டிருந்தது. கற்போர் நிலையை ஆராய்தல் என்பது, வகுப்பினுள் இருப்பவனை நோக்குதலோடு முடிவதன்று. வெளியே நிற்பவன் யாவன், அவன் ஏன் வெளியே நிற்கின்றான் என்பதும் அவ்வாராய்ச்சியுள் அடங்கும்.

சிதம்பரத்தில் நாவலர் பெயரால் இன்றும் பள்ளி நடைபெறுகின்றது. அவர் எழுதிய நூலைப் போற்றுதலினும், அவர் எழுதிய முறையைப் போற்றுதல் சிறந்தது. கற்பிக்கப் புகுவார், தாம் அறிந்தது யாதென எண்ணுதற்கு முன், கேட்பவன் நிற்குமிடம் எது, அவன் சேருமிடம் எது என்று நோக்குவாராக. இரண்டும் தெளியின் இடைப்பட்ட வழி தானே புலனாம்.