நம் பிள்ளைகளும் ஆங்கில வாக்கியமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயம் கல்வியால் உயர்ந்த வரலாற்றை எழுதப் புகுவோர், பள்ளிக் கட்டடங்களையும் பட்டம் பெற்றோரையும் எண்ணிக் காட்டுவது வழக்கம். வகுப்பறையினுள் எது, எம்முறையில் கற்பிக்கப்பட்டது என்று ஆராய்வோர் சிலரே. தொடக்கப் பள்ளியில் ஆங்கில வாக்கியம் கற்பிக்கப்பட்ட வரலாறு அவ்வாறு கவனிப்பாரற்றுக் கிடக்கின்றது. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் பிற பாடங்களில் தேறியும் ஆங்கிலத்தில் தவறிப் படிப்பை விட்டனர். ஆதலின் இவ்வெள்ளி விழா மலரில் அதனைச் சிறிது நோக்குதல் பொருந்தும்.

1835ஆம் ஆண்டில் மெக்காலே எழுதிய குறிப்பு, ஆட்சியாளர்க்கும் மக்களுக்கும் இடையே நிற்கத்தக்க ஒரு சிறு கூட்டத்தாரை ஆங்கிலத்தால் உருவாக்குதலை நோக்கமாகக் கொண்டது. 1854இல் வந்த உட்டின் கல்வி அறிக்கை பொதுமக்களுக்குத் தாய்மொழியையும், உயர்கல்விக்கு ஆங்கிலத்தையும் வகுத்தது. தனியார் பள்ளிகட்கு மானியம் வழங்கவும் வழி செய்தது. ஆங்கிலம் மேல்மாடியில் அமர்ந்தது. ஊர்ப் பள்ளியின் திண்ணையிலேயே ஏறவிடப்படாதவர்க்கு அம்மாடி எட்டாததாயிற்று.

இதனை முன்னரே உணர்ந்தவர் மராட்டிய நாட்டுச் சாவித்திரிபாய் புலே அம்மையார். அதே 1854இல் வெளிவந்த தம் கவிதை நூலில், ஒடுக்கப்பட்டோர் ஆங்கிலம் கற்கவேண்டுமென அவர் வற்புறுத்தினார். அவர்தம் கணவர் சோதிராவ் புலே 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன், எளிய மக்களின் தொடக்கக் கல்வி புறக்கணிக்கப்படுவதை எடுத்துரைத்தார். நம் மாகாணத்தில் 1893இல் பஞ்சமர் கல்விக்கெனச் சிறப்பு அரசாணை பிறந்தது. மறு ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் மக்களுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

கதவு இங்ஙனம் சிறிது திறந்தது. உள்ளே நடந்த பாடம் எத்தகையது? 1795இல் வெளியான லிண்ட்லி மர்ரேயின் இலக்கண நூலும் அதன் வழி வந்தனவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் செல்வாக்குப் பெற்றிருந்தன. சொற்களின் வகைகளை வரையறுத்தல், வரையறையை மனப்பாடம் செய்தல், வாக்கியத்தைப் பிரித்துப் பெயரிடுதல் என்பதே முறை. அக்காலத்து மானியமோ, ஆய்வாளர் முன் தேறிய மாணாக்கரின் தொகைக்கேற்ப அளக்கப்பட்டது. ஆகவே ஆசிரியர்கள் ஒப்பிப்பதற்கே பிள்ளைகளைப் பழக்கினர். பெயர்ச்சொல்லின் இலக்கணத்தைப் பிழையின்றி ஒப்பித்த சிறுவன், தனக்குத் தாகம் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல அறியாதிருந்தான்.

எனினும், நம் முன்னோருள் அம்மொழியைக் கைவயப்படுத்தியோர் அதனை உரிமைக்கான கருவியாக்கினர். ஆசிரியராகப் பணியாற்றிய எம்.சி. ராஜா 1925இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை ஆங்கில நூலாக எழுதினார். 1930இல் இரட்டைமலை சீனிவாசனார் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். விண்ணப்பமும் வழக்கும் சட்டமன்ற உரையும் ஆங்கிலத்தில் நடந்த காலம் அது. பிறர் எழுதித் தரக் காத்திராமல் தம் குறையைத் தாமே எழுதுதற்கு ஒரு செவ்விய வாக்கியம் தேவைப்பட்டது.

விடுதலைக்குப் பின், 1950களில் சென்னை மாநிலத்தில் ‘அமைப்பு முறை’ புகுந்தது. இலக்கணப் பெயர்களை விலக்கி, வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து அருமைக்கு வரிசைப்படுத்தி, பொருளைக் காட்டி வாயால் பயிற்றுவது இதன் நெறி. பல்லாயிரம் ஆசிரியர்கட்குப் பயிற்சியளிக்க ஓர் இயக்கமே நடத்தப்பட்டது. “திஸ் இஸ் எ புக்” என்னும் ஒலி சிற்றூர்ப் பள்ளிகளிலும் எழுந்தது. பிள்ளைகள் வாய் திறந்தமை இதன் நன்மை. அனைவரும் அறிந்ததையே திரும்பத் திரும்பக் கூறியமை இதன் குறை. இக்குறையை ஆராய்ந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். புகைவண்டிக் கால அட்டவணையையும் நிலப்படத்தையும் தந்து கணக்கிடச் செய்தார். சிந்தை பொருளில் ஊன்றியிருக்கையில் மொழியமைப்பு தானே படியும் என்பது அவர் கொள்கை.

இம்மூன்று முறைகளையும் நம் பிள்ளைகளின் நிலையிலிருந்து எடைபோடுவோம். வீட்டில் ஆங்கிலம் வழங்கும் பிள்ளைக்குப் பிழை திருத்தத் தாயும் தமையனும் உண்டு. முதல் தலைமுறையாய்ப் பள்ளி புகும் பிள்ளைக்கு வகுப்பறையன்றி வேறிடம் இல்லை. அதற்கு விதி தெளிவாகச் சொல்லப்படவேண்டும், பயிற்சியும் வேண்டும், சொல்வதற்கு ஒரு பொருளும் வேண்டும்.

விதியைத் தெளிவாக்கத் தமிழே நல்ல துணை. ‘பூனை நாயைக் கடித்தது’ என்றாலும் ‘நாயைப் பூனை கடித்தது’ என்றாலும் பொருள் மாறாது. ‘ஐ’ உருபு காக்கின்றது. ஆங்கிலத்தில் அவ்வுருபு இல்லை. சொல் நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்கின்றது. இடம் மாறினால் கடித்தது நாயாகிவிடும். ‘இது புத்தகம்’ என நாம் வினையின்றி முடிப்போம். ஆங்கிலத்தில் நடுவே ‘இஸ்’ வேண்டும். ‘வந்தான்’ என்பதன் இறுதியில் ‘ஆ’ சேர்ப்பின் நமக்கு வினாவாகும். அங்கோ ‘டிட்’ என்னும் சொல் முன்னே வந்து நிற்கும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஆகியவற்றைத் தமிழில் அறிந்த பிள்ளை இவ்வேற்றுமைகளை விரைவில் பற்றிக்கொள்ளும். தமிழை வகுப்பினின்று விலக்குதல், முதல் தலைமுறைப் பிள்ளையிடம் உள்ள ஒரே விளக்கைப் பறிப்பதாகும்.

இனி, அவ்விதிக்குப் பொருள் தருதல் வேண்டும். தன் பெயர், தன் ஊர், தந்தையின் தொழில், தன் தெருவில் குழாய்நீர் வராத செய்தி ஆகியவற்றை ஐந்து வாக்கியங்களில் எழுதச் செய்வோம். ஐந்தாம் வகுப்பு முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையும் பிழையின்றி ஒரு சிறு விண்ணப்பம் எழுதவேண்டும் என்பதை நம் கழகப் பள்ளிகளும் மாலை வகுப்புகளும் குறிக்கோளாகக் கொள்ளலாம். அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியில் இதற்கு முதலிடம் தருமாறு ஆசிரியப் பெருமக்களையும் பெற்றோரையும் வேண்டுகின்றோம்.