ஒட்சிசன் அணுவைத் தேடிய ஊசி

திண்மப் பொருளொன்றினுள்ளே அணுக்கள் இடம்பெயர்கின்றன என்பதை நம்புதல் அரிது. ஆயினும், அவ்வாறு பெயரும் ஒட்சிசன் அணுவே, தடையின்றி மின்னைக் கடத்தும் சில பொருள்களின் உயர்வையும் தாழ்வையும் வகுக்கின்றது.

1911ஆம் ஆண்டில், ஒல்லாந்து தேசத்து லைடன் நகரில், கமர்லிங் ஒன்னெசு என்னும் பேரறிஞர் இரசத்தைத் திரவ ஈலியத்தாற் குளிர்வித்தார். ஏறத்தாழ 4.2 கெல்வினில் அதன் மின்தடை அடியோடு மறைந்தது. மீகடத்துதிறன் எனப்படும் இவ்விந்தை, விலைமிக்க ஈலியத்தையே நெடுங்காலம் நம்பியிருந்தது.

1986இல், சூரிச் நகரை அடுத்த ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில், பெட்னோர்சு, முல்லர் ஆகிய இருவரும் செம்பு ஒட்சைட்டுச் சேர்வையொன்றில் 30 கெல்வினளவிலேயே அத்திறன் தோன்றக் கண்டனர். மறு ஆண்டில் அமெரிக்காவில், வூ, சூ ஆகியோரின் குழுவினர் இத்திரியம், பேரியம், செம்பு, ஒட்சிசன் ஆகியவை சேர்ந்த பொருளில் அதனை 93 கெல்வினுக்கு உயர்த்தினர். திரவ நைதரசன் கொதிப்பது 77 கெல்வினில். ஆகவே மலிவான அத்திரவமே குளிர்விக்கப் போதுமாயிற்று.

ஆனால் இப்பொருள் நிலையுறுதி அற்றது. அதன் வாய்பாட்டில் ஒட்சிசன் அணுக்கள் ஏழை அண்மித்தால் அது மீகடத்தி. ஆறாகக் குறைந்தால் வெறுங் காவலி. சூடாக்கினால் ஒட்சிசன் வெளியேறும்; ஒட்சிசன் வாயுவில் மெல்லக் குளிர்வித்தால் உட்புகும். எண்ணிக்கை மட்டுமன்று, ஒழுங்கும் வேண்டும். 1990இல், சிக்காகோவை அண்டிய ஆர்கோன் ஆய்வுகூடத்தார், ஒட்சிசன் குறைந்த மாதிரிகளைத் திடீரெனக் குளிர்வித்து, அறை வெப்பநிலையில் வைத்தனர். ஒட்சிசனின் அளவு மாறாதிருக்கவும், நாட்கள் செல்லச் செல்ல மீகடத்தும் வெப்பநிலை உயர்ந்தது. உள்ளிருந்த அணுக்கள் மெல்ல நகர்ந்து வரிசையாக அமைந்தமையே காரணம்.

இவ்வணுக்களின் இருப்பிடத்தைக் காண்பது எங்ஙனம்? அதற்கான கருவியும் அதே சூரிச் ஆய்வுகூடத்திலேயே பிறந்திருந்தது. 1981இல் பின்னிக்கு, ரோரர் ஆகியோர் ஆக்கிய அலகிடும் நுணுக்குக்காட்டி, கூரிய ஊசிமுனையொன்றைப் பரப்பின்மீது தொடாது செலுத்தும். இடைவெளியைத் தாண்டும் இலத்திரன்களின் நுண்ணிய மின்னோட்டத்தால் பரப்பின் வடிவம் புலப்படும். 2005இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தை நடுவாகக் கொண்ட குழுவினர், பிசுமது கலந்த செம்பு ஒட்சைட்டில், மிகையாகப் புகுந்த ஒட்சிசன் அணுக்களெனக் கருதத்தக்க புள்ளிகளைத் தனித்தனியே இக்கருவியால் இனங்கண்டனர். அவற்றை அண்டிய இடங்களில் இலத்திரன்களின் நிலை வேறுபட்டிருந்தது.

இவ்வொட்சைட்டுகள் இத்துணை உயர்ந்த வெப்பநிலையில் மீகடத்துவது ஏன் என்பதற்கு அனைவரும் ஒப்பிய விளக்கம் இன்னும் எழவில்லை. ஓர் அணு எங்கே நிற்கின்றது என்னும் சிறு வினாவை விடுவிக்காமல், அப்பெரு வினாவை அணுகுதல் இயலாது.