கட்டும் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்புத்துறைக்குக் கிழக்கே, கடல்நீரேரிக்கு அப்பாலுள்ள கைதடியில் 1956 ஆம் ஆண்டு நவீல்ட் பாடசாலை தோன்றியது. செவிப்புலனும் விழிப்புலனும் குன்றிய பிள்ளைகளுக்கும் கல்வி உரியதே என்பதற்கு அது சான்றாயிற்று. ஆயின் பிள்ளையைப் பாடசாலையிற் சேர்ப்பது வேறு. சேர்த்தபின் கட்டாமலும் தனியறையிற் பூட்டாமலும் கற்பிப்பது வேறு. இவ்விரண்டாவது பிரச்சினையை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1880 இல் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, செவிப்புலனற்றோர் கல்வியில் வாய்மொழி முறையே மேலானதெனத் தீர்மானித்தது. அதன்பின் பல நாட்டு வகுப்பறைகளினின்றும் சைகைமொழி விலக்கப்பட்டது. சைகை செய்த சிறுவரின் கைகளைக் கட்டிய ஆசிரியரும் இருந்தனர். 2010 இல் வங்கூவரிற் கூடிய மாநாடே அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தந் தெரிவித்தது. கட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். நன்மை செய்வதாகவே நம்பினர் என்பதை நாம் மறத்தலாகாது.

கட்டாவிடின் ஒழுங்கு நிலையாது என்பது பழைய வாதம். இங்கிலாந்தின் ஹான்வெல் மனநோய் விடுதியில் 1839 இல் ஜோன் கொனொலி கட்டுக்கருவிகளை நீக்கி, அவ்வாதத்தைச் செயலால் மறுத்தார். கட்டுக்குப் பதிலாக அவர் நாடியது பயிற்சி பெற்ற பணியாளரின் கண்காணிப்பையே ஆகும்.

கட்டின் கொடிய முடிவைத் தமிழகம் கண்டது. 2001 ஆகத்து 6 ஆந் திகதி ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப இயலாது மாண்டனர். இறந்தோர் தொகை 28. இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலையும் தனிமைப்படுத்தலையும் தடைசெய்தது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ பணியாளர் பற்றாக்குறை காரணமாகவோ அதனைச் செய்யலாகாது. நோயாளரின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துள் அறிவித்தல் வேண்டும் என்பன அதன் விதிகள்.

இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவன அனுமதியில் இயலாமையுடையோருக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றது. இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 இல் நம் நாடு ஏற்றுறுதி செய்தது. ஆசிரியரின் அறையால் ஒரு மாணவனின் செவிப்புலன் கெட்ட வழக்கில், 2021 இல் உயர் நீதிமன்றம் அதனை அடிப்படை உரிமை மீறலெனத் தீர்ப்பளித்தது. அடியைப் பற்றிச் சிந்தித்த நாம், கட்டையும் பூட்டிய கதவையும் பற்றியும் சிந்தித்தல் வேண்டும்.

மருத்துவமனைக்கு வகுத்த அவ்வெல்லைகள் வகுப்பறைக்கும் பொருந்துவன. ஆபத்து வேளையிற் பிள்ளையைச் சிறிது நேரம் பற்றிப்பிடிக்க நேரலாம். அதனைப் பதிவு செய்து, பெற்றோருக்கு அன்றே அறிவித்தல் வேண்டும். நாற்பது பிள்ளைகளிடையே தனித்து நிற்கும் ஆசிரியரை மட்டும் பழித்துப் பயனில்லை. அவருக்குப் பயிற்சியும் துணையாசிரியரும் தேவை. கயிற்றை அகற்றுமாறு கோரும் சமூகம் அவற்றையும் வழங்கக் கடமைப்பட்டதாகும்.