77 தாய்மார்கள், 20 குழந்தைகள்

கருப்பையில் இரட்டை. ஸ்கேனில் ஒரு பக்கம் இதயம் துடிக்கும் சிசு. மறுபக்கம் குழந்தையே இல்லை, திராட்சைக் குலை மாதிரி நீர்க்கொப்புளங்கள்! நம்மூரில் முத்துப்பிள்ளை என்பார்களே, அதுதான். தனியாக வந்தாலே அபூர்வம். சிசுவோடு சேர்ந்து வருவது 20,000 முதல் 1,00,000 கர்ப்பங்களில் ஒன்று.

முத்துப்பிள்ளை சும்மா இருக்காது. அதன் திசு தாயின் உடம்பில் தங்கிப் புற்றாக மாறலாம். அப்படிப் பரவிய புற்றை மெத்தோட்ரெக்ஸேட் மருந்தால் குணமாக்க முடியும் என்று 1956-ல் அமெரிக்காவில் மின் சியு லியும் ராய் ஹெர்ட்ஸும் காட்டினார்கள். எச்.சி.ஜி. ஹார்மோன் முழுதாக மறையும்வரை மருந்தை நிறுத்தக்கூடாது என்று லி பிடிவாதம் பிடித்தார். கிடைத்த பரிசு? வேலை போனது! (1972-ல் லாஸ்கர் விருது வந்தது.)

அடுத்த திருப்பம் 1977. முழு முத்துப்பிள்ளையின் குரோமோசோம்கள் எல்லாமே தந்தையுடையவை என்று ஜப்பானின் காஜியும் ஓஹாமாவும் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் பக்கத்தில் இருக்கும் சிசு தனிக் கரு. அது இயல்பான குழந்தையாகவே இருக்கலாம்.

ஆனாலும் டாக்டர்களின் பயம் போகவில்லை. கர்ப்பம் நீடித்தால் தாய்க்குப் புற்று ஆபத்து கூடுமோ என்ற சந்தேகத்தில், கலைத்துவிடுங்கள் என்பதே வழக்கமான அறிவுரையாக இருந்தது. சந்தேகம்தான், கையில் கணக்கு இல்லை.

கணக்கு வந்தது பிரிட்டனிலிருந்து. அங்கே 1973 முதல் முத்துப்பிள்ளை கேஸ்களைப் பதிவு செய்து கண்காணித்து வந்தார்கள். அந்தப் பதிவுகளை வைத்து லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனைக் குழு 2002-ல் லான்செட் இதழில் எழுதியது. மொத்தம் 77 பேர். 24 பேர் கலைத்தார்கள், 53 பேர் தொடர்ந்தார்கள். தொடர்ந்தவர்களில் 23 பேருக்குக் கரு தானே கலைந்தது. 2 பேருக்கு ரத்த அழுத்தம் கடுமையாக ஏறியதால் கர்ப்பத்தை நிறுத்த வேண்டியிருந்தது. 28 பேர் 24 வாரத்தைத் தாண்டினார்கள். உயிரோடு பிறந்தவை 20.

பிறகு கீமோதெரபி தேவைப்பட்டது எத்தனை பேருக்கு? முதல் மூன்று மாதத்துக்குள் கலைத்தவர்களில் 16 சதவீதம், அதற்கு மேல் தொடர்ந்தவர்களில் 21 சதவீதம். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் இது பெரிய வித்தியாசமே இல்லை. பயந்த அளவுக்கு ஆபத்து கூடவில்லை.

அதற்காக இது சுலபமான முடிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். பாதிக்கு மேல் குழந்தைகள் தங்கவில்லை. ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம், தைராய்டு கோளாறு எல்லாம் வரலாம். இப்போது டாக்டர்கள் இந்த எண்களைத் தாயிடம் சொல்லி, முடிவை அவரிடமே விடுகிறார்கள். தொடர்ந்தால் அடிக்கடி ஸ்கேன், பி.பி. பரிசோதனை. பிரசவம் முடிந்தாலும் எச்.சி.ஜி. இயல்புக்கு இறங்கும்வரை சோதனை நிற்காது.